மாதந்தோறும் வரும் தலையிடி: கணக்கு வைத்தால் கட்டுப்படுத்தலாம்

தலையிடி என்று சொன்னால் எங்கள் வீடுகளில் நடப்பது அநேகமாக ஒன்றுதான். இரண்டு பனடோல், நெற்றியில் கொஞ்சம் சித்தாலேப, சூடாக ஒரு பிளேன்டீ, "கொஞ்சம் படுங்க புள்ள" என்ற உம்மாவின் ஆறுதல். சாதாரணத் தலையிடிக்கு இது போதும். ஆனால் சில மாணவிகளுக்கு மாதத்தில் குறிப்பிட்ட இரண்டு மூன்று நாட்களில் வரும் தலையிடி இதற்கெல்லாம் அடங்குவதில்லை. தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. வகுப்பறைச் சத்தம் காதில் குத்தும். ஓங்காளம் வரும். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "என்ன செய்யுது?" என்று கேட்கும் தோழியிடம் கூட முழுக் காரணத்தைச் சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

அதற்குக் காரணம் வெட்கம். அந்தத் தலையிடி மாதவிடாயோடு சேர்ந்து வருவதால் அதையும் மறைக்க வேண்டிய ஒன்றாக நினைத்துவிடுகிறோம். மறைப்பதால் பாடம் தவறுகிறது, பரீட்சை பாதிக்கிறது, அளவில்லாமல் குளிசை விழுங்கும் பழக்கமும் வருகிறது. இது வைத்திய உலகம் நன்கு அறிந்த ஒரு நோய். எப்போது வரும் என்று முன்கூட்டியே கணிக்கக்கூடியது. கணிக்க முடிந்தால் அதற்கு ஆயத்தமாகவும் இருக்கலாம்.

இது எந்தத் தலையிடி?

தலையைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கியது போல, இரண்டு பக்கமும் மெதுவாக வலிப்பது மன அழுத்தத்தாலும் களைப்பாலும் வரும் சாதாரணத் தலையிடி. அதனோடு நடமாடலாம், வேலை செய்யலாம்.

ஒற்றைத் தலையிடி எனப்படும் மைக்ரேன் வேறு. அது துடிப்போடு வரும். படி ஏறினாலும் குனிந்தாலும் கூடும். குமட்டல், வாந்தி, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாமை ஆகியவை சேர்ந்து வரும். மருந்தில்லாமல் விட்டால் பெரியவர்களுக்கு 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். பெயர் ஒற்றைத் தலையிடி என்றாலும் எப்போதும் ஒரு பக்கம்தான் வரும் என்றில்லை. பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் நெற்றியின் இரு பக்கமும் வருவதுண்டு.

நானுஓயா, நுவரெலியா போன்ற குளிரான ஊர்களில் இதைப் 'பீனிசம்' என்று எண்ணிக்கொள்வது சகஜம். ஒற்றைத் தலையிடியின்போது கண்ணால் நீர் வடிவதும் மூக்கு அடைப்பதும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் ஏற்படுகிறது. இன்னும் சிலர் கண்ணாடி போட வேண்டும் என்கிறார்கள். கண்ணைப் பரிசோதிப்பது நல்லதுதான். ஆனால் பார்வைக் குறைபாட்டினால் வரும் தலையிடி மாதத்தின் குறித்த சில நாட்களை மட்டும் தேடிப் பிடித்து வராது. ஆகவே, தலையிடி வரும் திகதிகளைக் கவனிப்பதுதான் முதல் வேலை.

சர்வதேச தலையிடிச் சங்கம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இதற்கு ஒரு கணக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரத்தப்போக்கு ஆரம்பிக்கும் நாளை முதல் நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் முடியும் வரையான ஐந்து நாள் இடைவெளிக்குள், மூன்று மாதவிடாய்களில் குறைந்தது இரண்டிலாவது ஒற்றைத் தலையிடி வந்தால் அது மாதவிடாயோடு தொடர்புடையது. சிலருக்கு இந்த நாட்களில் மட்டுமே வரும். பலருக்கு இந்த நாட்களிலும் வந்து, மற்ற நாட்களிலும் இடையிடையே வரும்.

ஏன் வருகிறது?

பருவமடையும் முன் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒற்றைத் தலையிடி ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகிறது. பருவமடைந்த பின் இந்த நிலை மாறுகிறது. வளர்ந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது சுமார் மூன்று மடங்கு அதிகம். இந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன்.

மாதவிடாய்க்குச் சற்று முன் உடலில் ஈஸ்ட்ரஜனின் அளவு சடுதியாக இறங்குகிறது. 1972ஆம் ஆண்டு சமர்வில் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளர், இந்தத் தலையிடி உள்ள பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரஜன் ஊசி ஏற்றிப் பார்த்தார். மாதவிடாய் உரிய நேரத்தில் வந்தது. தலையிடி மட்டும் பிந்தி வந்தது. புரொஜெஸ்டரோன் என்ற மற்ற ஹோர்மோனைக் கொடுத்தபோது மாதவிடாய் பிந்தியது. தலையிடி வழமையான நேரத்திலேயே வந்தது. தலையிடியைத் தூண்டுவது இரத்தப்போக்கு அல்ல, ஈஸ்ட்ரஜனின் இறக்கம் என்பது இதிலிருந்து தெரிந்தது. இரத்தப்போக்கு ஆரம்பிக்கும் முன்பே சிலருக்குத் தலையிடி வந்துவிடுவதன் காரணமும் இதுதான்.

இரண்டாவது காரணம் புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனம். மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரிலிருந்து இது வெளியாகிறது. வயிற்று வலியை உண்டாக்குவதும் இதுவே. இரத்தத்தில் கலந்து தலையிடியையும் குமட்டலையும் கூட்டுகிறது. வயிற்று வலியும் தலையிடியும் சேர்ந்து வருபவர்களுக்கு ஒரே மருந்து இரண்டுக்கும் உதவுவது இதனால்தான்.

இதில் ஒழுக்கக் குறைவும் இல்லை, ஈமானின் பலவீனமும் இல்லை, படிக்காமல் இருக்கச் சொல்லும் சாட்டும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்திருந்த நிலையில் 'ஷகீகா' எனும் ஒற்றைத் தலையிடிக்காக ஹிஜாமா செய்துகொண்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆயிஷா (ரழி) அவர்கள் தமது தலையிடியை வாய்விட்டு நபியவர்களிடம் சொன்னதும் அதே நூலில் உண்டு. வலியைச் சொல்வதும் அதற்கு மருந்து தேடுவதும் எங்கள் மார்க்கத்துக்குப் புதியவை அல்ல.

கணக்கு வைப்பது எப்படி?

முஸ்லிம் பெண்களாகிய நாம் ஏற்கெனவே நாட்களைக் கணக்கு வைப்பவர்கள். தொழுகையை நிறுத்திய நாள், குளித்துச் சுத்தமான நாள், கழாச் செய்ய வேண்டிய நோன்புகளின் எண்ணிக்கை எல்லாம் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே கலண்டரில் இன்னொரு அடையாளம் இட்டால் போதும். மாதவிடாய் நாளுக்கு ஒரு வட்டம், தலையிடி நாளுக்கு ஒரு புள்ளடி. பக்கத்தில் தலையிடி எத்தனை மணித்தியாலம் இருந்தது, என்ன குளிசை, எத்தனை எடுத்தோம் என்று சிறு குறிப்பு.

ஒரு மாணவியின் கலண்டர் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மே 12 மாதவிடாய். மே 11, 12 தலையிடி. ஜூன் 9 மாதவிடாய். ஜூன் 8, 9, 10 தலையிடி. ஜூன் 21 நீண்ட பஸ் பயணத்தின் பின் ஒரு தலையிடி. ஜூலை 8 மாதவிடாய், தலையிடி இல்லை. மூன்றில் இரண்டு தடவை ஐந்து நாள் இடைவெளிக்குள் வந்திருப்பதால் இது மாதவிடாயோடு தொடர்புடையது. ஜூன் 21இல் வந்தது வேறு காரணத்தால். அவருடைய சுற்று 28, 29 நாட்கள். ஆகவே அடுத்தது ஆகஸ்ட் 5 அல்லது 6இல் வரலாம். ஆகஸ்ட் 3ஆம் திகதியிலிருந்து அவர் கவனமாக இருக்க வேண்டும்.

பருவமடைந்த முதல் சில வருடங்களில் சுற்று ஒழுங்கற்று இருப்பது இயல்பு. அப்படியானவர்கள் உடல் காட்டும் முன்னறிகுறிகளையும் எழுதி வைக்கலாம். அடிக்கடி கொட்டாவி, எரிச்சல், கழுத்துப் பிடிப்பு, இனிப்பின் மீது திடீர் ஆசை ஆகியவை தலையிடிக்கு முந்திய நாள் வருவதுண்டு. "சொக்கலேட் சாப்பிட்டதால்தான் தலையிடி வந்தது" என்று பலர் சொல்வார்கள். சில வேளை தலையிடி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டதன் அறிகுறியாகவே அந்த ஆசை வந்திருக்கும்.

வைத்தியரிடம் போகும்போது இந்தக் கலண்டரைக் கொண்டு போங்கள். கூட்டமான கிளினிக்கில் வாயால் சொல்லத் தயங்குவதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

தலையிடி வந்துவிட்டால்

முதல் விதி, பிந்தாதீர்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று இரண்டு பாடவேளை பொறுத்தபின் எடுக்கும் குளிசை சரியாக வேலை செய்யாது. ஒற்றைத் தலையிடியின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிவிடுகிறது. குளிசை வயிற்றிலேயே தங்கி, இரத்தத்தில் சேரப் பிந்துகிறது.

இரண்டாவது, சரியான அளவு. பனடோல் என்று நாம் அழைக்கும் பரசிட்டமோல் குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம் மருந்து உண்டு. 16 வயதுக்கு மேற்பட்ட, உடல் நிறை 50 கிலோவுக்கு மேலான ஒருவர் ஒரு தடவையில் இரண்டு குளிசை எடுக்கலாம். அடுத்த தடவைக்கு 6 மணித்தியால இடைவெளி விடுவது நல்லது. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைகளைத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஈரல் பாதிக்கப்படும். வயதும் நிறையும் குறைந்தவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 40 கிலோ நிறையுள்ள மாணவிக்கு ஒரு தடவைக்கு ஒரு குளிசை போதும்.

பரசிட்டமோலுக்கு அடங்காத தலையிடிக்கு இபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம், நெப்ரொக்ஸன் போன்றவற்றை வைத்தியர் தருவார். இவை புரொஸ்டாகிளாண்டினைக் குறைப்பவை. சாப்பிட்ட பின் எடுக்க வேண்டும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இவற்றைத் தொடக்கூடாது. தோழியின் பையில் இருக்கிறது என்று வாங்கி விழுங்குவது ஆபத்து. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

இங்கே பெற்றோர் மறக்கக் கூடாத ஒரு விடயம் உண்டு. தலையிடியோடு காய்ச்சலும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். கொழும்புக்கோ கண்டிக்கோ போய் வந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம் தேவை. டெங்குச் சந்தேகம் இருந்தால் பரசிட்டமோல் மட்டுமே கொடுக்க வேண்டும். இபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம், அஸ்பிரின் ஆகியவை டெங்கு நோயாளிக்கு இரத்தக்கசிவைக் கூட்டும். மாதவிடாய் நேரத்தில் டெங்கு வந்தால் இரத்தப்போக்கும் கூடலாம் என்பதால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மருந்தோடு இருட்டான, சத்தமில்லாத அறையில் ஓய்வு தேவை. நெற்றியில் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, கழுத்துக்குச் சூடான ஒத்தடம், குமட்டலுக்கு இஞ்சித் தேநீர் ஆகியவை உதவும். தைலம் சிலருக்கு இதமளிக்கும். மணம் பொறுக்காதவர்களுக்கு அதுவே தொல்லையாகும். அப்படியானவர்கள் இருக்கும் அறையில் அத்தர், சாம்பிராணி மணத்தையும், குசினியின் விறகுப் புகையையும் தவிர்க்க வேண்டும். மாதவிடாய் நாளில் தலை முழுகினால் நீர் கோர்த்துத் தலையிடி வரும் என்ற பயம் வேண்டாம். எங்கள் ஊர்க் குளிருக்குச் சுடுநீரில் குளித்து, தலையை நன்றாகத் துவட்டினால் போதும்.

மூன்றாவது, எல்லை. மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ சாதாரண வலிக்குளிசைகளை எடுத்து, அது மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், குளிசையே நாளாந்தத் தலையிடிக்குக் காரணமாகிவிடும். வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் குளிசை தேவைப்பட்டால் அதுவே வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்.

வராமல் காக்க என்ன வழி?

ஈஸ்ட்ரஜன் இறங்குவதை எங்களால் நிறுத்த முடியாது. ஆனால் பசி, தூக்கமின்மை, நீரின்மை ஆகிய மூன்றும் அதோடு சேரும்போதுதான் தலையிடி கடுமையாகிறது. கலண்டரில் குறித்த அந்த ஐந்து நாட்களுக்கு மட்டுமாவது இந்த மூன்றையும் கவனியுங்கள்.

காலையில் வெறும் தேநீரோடு பாடசாலைக்கு ஓடும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. அந்த நாட்களில் ரொட்டித் துண்டோ, அவித்த கடலையோ, இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். குளிரில் தாகம் தெரியாது; ஆனாலும் உடலுக்கு நீர் வேண்டும். பாடசாலை மலசலகூடத்துக்குப் போக வேண்டிவரும் என்று நீர் குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. இரவு விழித்துப் படிப்பதையும், விடுமுறை நாளில் நண்பகல் வரை தூங்குவதையும் குறைத்து, ஒரே நேரத்தில் தூங்கி எழப் பழகுங்கள்.

தேயிலை விளையும் ஊரில் தேநீரைக் குறைக்கச் சொல்வது கடினம்தான். முழுவதும் விட வேண்டியதில்லை. நாளுக்கு ஆறு கோப்பை குடிப்பவர் ஒரு நாள் திடீரென நிறுத்தினால் அதுவே தலையிடியைக் கொண்டுவரும். அளவாக, ஒரே நேரத்தில் குடிப்பது நல்லது. சாப்பாட்டோடு மட்டும் தேநீர் வேண்டாம். தேயிலையிலுள்ள பொருட்கள் உணவின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

இரும்புச்சத்து ஏன் முக்கியம் என்றால், இரத்தப்போக்கு அதிகமாக உள்ளவர்களுக்கு இரத்தச்சோகை வரும். மாதவிடாய் முடியும் தறுவாயில் வரும் தலையிடி, களைப்பு, படியேற மூச்சு வாங்குதல் ஆகியவற்றுக்கு இது காரணமாக இருக்கலாம். ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஈரல், மாட்டிறைச்சி, நெத்தலி, முருங்கைக்கீரை, பருப்பு ஆகியவற்றைத் தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

இவ்வளவு செய்தும் மாதந்தோறும் கடுமையாக வருமானால், மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து ஐந்தாறு நாட்களுக்கு மட்டும் எடுக்கும் தடுப்பு மருந்து முறை உண்டு. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கும் அந்தக் கலண்டர் அவசியம்.

ரமழானில்

ரமழானில் இந்தத் தலையிடி இரண்டு விதமாகச் சோதிக்கிறது. முதலாவது, மாதவிடாய்க்கு முந்திய இரண்டு நாட்கள். அப்போது நாம் நோன்பாளிகள். பசியும் தாகமும் தேநீர் இன்மையும் ஈஸ்ட்ரஜன் இறக்கத்தோடு சேர்கின்றன. ஷஃபான் மாதத்திலேயே தேநீரைப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள்; சோறு, முட்டை, பருப்பு போன்ற நின்று பசியாற்றும் உணவும் போதிய நீரும் எடுங்கள். அப்படியும் தாங்க முடியாமல் வந்தால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை இருக்கிறது. நோன்பைப் பிறகு கழாச் செய்யலாம். தொழுகையில் ஸுஜூதுக்குக் குனியும்போது தலை வெடிப்பது போல் இருந்தால் உட்கார்ந்து சைகையால் தொழவும் நோயாளிக்கு அனுமதி உண்டு. உங்கள் நிலையைச் சொல்லி ஆலிமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மாதவிடாய் வந்த பின். அப்போது நோன்பு இல்லை. ஆனால் வாப்பாவும் நானாவும் தம்பியும் இருக்கும் வீட்டில் சாப்பிட வெட்கப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் மஃரிப் வரை இருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நோன்பும் இல்லை, உணவும் இல்லை; மிஞ்சுவது தலையிடி மட்டுமே. உம்மாமார் இதைக் கவனிக்க வேண்டும். குசினியில் ஒரு தட்டு மூடி வைத்து, "அது உங்களுக்குத்தான்" என்று சொன்னால் போதும். வாப்பாமாரும் நானாமாரும் கேள்வி கேட்காமல் இருப்பதே பெரிய உதவி.

முழு ரமழானையும் நோற்கவோ, உம்ராவுக்குப் போகவோ மாதவிடாயைத் தள்ளிப்போடும் குளிசை எடுக்க விரும்புபவர்கள், தமக்கு ஒற்றைத் தலையிடி இருப்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தலையிடிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள், பார்வையில் மறைப்பு தோன்றுபவர்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசைகளை எடுத்தால் பக்கவாதத்தின் ஆபத்து கூடுகிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை பாவிக்கும் தாய்மாருக்கும் இது பொருந்தும்.

பரீட்சைக் காலத்தில்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை பல வாரங்கள் நீள்வது. அதற்குள் உங்கள் நாட்கள் வராமல் போவது அரிது. நேர அட்டவணை கிடைத்ததும் கலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பாடம் அந்த நாட்களில் விழுகிறதோ அதன் மீட்டலை முன்கூட்டியே முடியுங்கள். முந்திய இரவு விழிக்க வேண்டாம். பரீட்சை நாளில் புதிய மருந்து எதையும் முதன்முறையாக எடுத்துப் பார்க்காதீர்கள். முந்திய மாதங்களில் உங்களுக்கு ஒத்துவந்த மருந்தையே கையில் வைத்திருங்கள்.

உடனே வைத்தியசாலைக்கு

கீழுள்ளவற்றை மாதவிடாய்த் தலையிடி என்று எண்ணி வீட்டில் வைத்திருக்கக் கூடாது:

- வாழ்நாளில் என்றுமே வராத அளவு கடுமையாக, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு வரும் தலையிடி
- காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலையிடி
- கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு
- தலையில் அடிபட்ட பின் வரும் தலையிடி
- நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும், காலையில் வாந்தியோடு எழுப்பும் தலையிடி
- கர்ப்ப காலத்தில் புதிதாக வரும் கடும் தலையிடி

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம். அவசரமில்லாத, ஆனால் மாதந்தோறும் தொல்லை தரும் தலையிடிக்கு நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். ஆண் வைத்தியரிடம் பேசத் தயங்கினால் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். எங்கே போக வேண்டும் என்று அவர் வழிகாட்டுவார். தோட்டங்களில் இருப்பவர்களும் டிஸ்பென்சரிக் குளிசையோடு நின்றுவிடாமல் ஒரு தடவையாவது வைத்தியரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

பெற்றோருக்கு

"எங்களுக்கும்தான் வந்தது, நாங்க பொறுத்துக்கொண்டு வேலை செய்யல்லயா?" என்று உம்மாமார் கேட்பதுண்டு. அது உண்மை. ஒற்றைத் தலையிடி பரம்பரையாகவும் வருவது. உம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் உம்மாவுக்கு அதன் பெயரைச் சொல்லவும் மருந்து சொல்லவும் யாரும் இருக்கவில்லை. மகளுக்கும் அதே நிலை தொடர வேண்டியதில்லை. மகளோடு சேர்ந்து உம்மாவும் தன் கலண்டரை எழுதினால் இருவருக்கும் பயன்.

மாணவிகளே, இந்த மாதத்திலிருந்தே ஆரம்பியுங்கள். ஒரு கலண்டரும் ஒரு பென்சிலும் போதும். மூன்று மாதம் முடிந்ததும் அதை உம்மாவிடம் காட்டுங்கள். எல்லா நோய்க்கும் மருந்தை இறக்கியிருக்கும் வல்ல அல்லாஹ், அதைத் தேடும் முயற்சியையும் எங்களுக்கு இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.